ஒரே ஒருத்தர் போதும்: டெஸ்டிகுலர் கேன்சருக்குப் பிறகு துணை தேடுவது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம். சில இடங்களில் பேச்சை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் கொஞ்சம் சொந்தக் கதை. ஹெட்போன்ல கேக்குறவங்க அப்படியே கேளுங்க. ஸ்பீக்கர்ல போட்டு வீட்டுல எல்லார் காதுலயும் விழுந்தா, அதுவும் நல்லதுதான்.

எனக்கு 27 வயதில் டெஸ்டிகுலர் கேன்சர் வந்தது. செய்திகளில் விதைப்பைப் புற்றுநோய் என்று போடுவார்கள். உண்மையில் அது வருவது பையில் இல்லை, பைக்குள் இருக்கும் விதையில். குளிக்கும்போது கையில் ஒரு சின்னக் கட்டி தட்டுப்பட்டது. "வலிக்கலையே, அப்புறம் என்ன?" என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். இந்த நோயில் பெரும்பாலும் வலி இருக்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதன் பிறகு எல்லாம் வேகம். அல்ட்ராசவுண்ட், ரத்தப் பரிசோதனை, ஒரே வாரத்தில் ஆபரேஷன். இடுப்பு மடிப்பில் கீறி, அந்த ஒரு விதையை எடுத்துவிட்டார்கள்.

சிகிச்சை பற்றி டாக்டர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். இன்றைக்கு நான் பேச வந்தது வேறு விஷயம். டாக்டர் ரூமை விட்டு வெளியே வந்ததும் ஒரு கேள்வி வரும் பாருங்க, "இதை நான் யார்கிட்ட பேசுறது?" அது.

"எங்கப்பா உனக்கு?"

கேன்சர் ஆஸ்பத்திரி வெயிட்டிங் ஹாலில் என் வயதில் யாரும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருத்தர், "யாருக்குப்பா, அப்பாவுக்கா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். "ஐயோ, எங்கப்பா உனக்கு?" என்றார். "வயித்துல" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பொய் அப்படியே வளர்ந்தது. ஆபீஸில் ஹெர்னியா என்று சொன்னேன். கீறல் இருக்கிற இடம் கிட்டத்தட்ட ஒன்றுதானே, யாரும் சந்தேகப்படவில்லை. சொந்தக்காரர்களிடம் அம்மாவும் அதையே சொன்னார். "நாளைக்குப் பொண்ணு பாக்கணும்டா" என்பது அவருடைய பயம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஹெர்னியா என்று சொன்னவனை யாரும் கேன்சர் பேஷன்ட் மாதிரி விசாரிக்க மாட்டார்கள். நோயும் என்னிடம்தான் இருந்தது, ரகசியமும் என்னிடம்தான் இருந்தது.

இந்தத் தனிமைக்கு எண்ணிக்கையும் ஒரு காரணம். பொதுவாக 15 முதல் 40 வயதுக்குள் இருக்கும் ஆண்களுக்கு அதிகம் வரும் கேன்சர்களில் இது ஒன்று. டென்மார்க், நார்வே மாதிரி நாடுகளில் வருஷத்துக்கு லட்சம் ஆண்களில் சுமார் 10 பேருக்கு வருகிறது. இந்தியாவில் லட்சத்துக்கு ஒருவருக்கும் குறைவு. அபூர்வம் என்பது நல்ல செய்திதான். ஆனால் வந்தவனுக்கு, ஹாலில் தன்னைப் போல இன்னொருவன் இல்லை என்று அர்த்தம்.

சேப்பாக்கத்தில் ஒரு 34 ரன்

பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். கேன்சர்களிலேயே நன்றாகக் குணமாகும் வகைகளில் இதுவும் ஒன்று. அமெரிக்கக் கணக்குப்படி, வந்தவர்களில் சுமார் 95 சதவீதம் பேர் ஐந்து வருஷத்தைத் தாண்டுகிறார்கள். எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1974-ல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற டாக்டர், சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். அதற்கு முன்னால், நோய் உடம்பில் பரவிவிட்டால் பிழைப்பது அரிது. பிறகு நிலைமை தலைகீழாக மாறியது.

நம்ம யுவராஜ் சிங்குக்கு வந்தது விதையில் இல்லை, இரண்டு நுரையீரலுக்கும் நடுவில். ஆனால் அதுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்த கட்டிதான். 2012-ல் அவர் சிகிச்சை எடுத்ததும் அதே இண்டியானாவில், அதே ஐன்ஹார்னிடம்தான். அந்த நாட்களில், டெஸ்டிகுலர் கேன்சரிலிருந்து மீண்ட சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் புத்தகத்தைப் படித்ததாக யுவராஜே சொல்லியிருக்கிறார். ஊக்கமருந்து விவகாரத்தில் ஆம்ஸ்ட்ராங்கின் பட்டங்கள் பறிபோனது தனிக் கதை. 2012 செப்டம்பர் 11, சேப்பாக்கம். நியூசிலாந்துக்கு எதிரான டி20-யில் யுவராஜ் திரும்ப வந்து 34 ரன் அடித்தார். இந்தியா ஒரு ரன்னில் தோற்றது. கிரவுண்டில் யாருக்கும் அது பெரிய கவலையாக இருந்திருக்காது.

கீமோவுக்கு முந்தின வாரம் அந்த மேட்ச் வீடியோவை எத்தனையோ தடவை பார்த்தேன். தெம்பு வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் யுவராஜிடம் நான் கேள்வி கேட்க முடியாது. எனக்கு வேண்டியிருந்தது, கேள்வி கேட்கக்கூடிய ஒரு ஆள்.

டீக்கடையில் கிடைத்த அண்ணன்

திங்கட்கிழமை கீமோ. அதற்கு முந்தின வியாழன் ரத்தம் கொடுக்கப் போனேன். என் முகத்தைப் பார்த்த சிஸ்டர் ஒருவர், "ஃபாலோ-அப்புக்கு ஒருத்தர் வந்திருக்காரு. உங்க ட்ரீட்மென்ட்தான் முடிச்சவரு. கேட்டேன், பேசறேன்னாரு. பேசறீங்களா?" என்றார்.

வெளியே டீக்கடைக்குப் போனோம். என்னைவிட நாலைந்து வயது பெரியவர் இருப்பார். பாதி டீ குடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, ஸ்பெர்ம் பேங்கிங் பண்ணிட்டியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டர் அதைக் கேட்டிருந்தார். அப்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கூச்சத்தில் "வேணாம் சார்" என்று தலையாட்டிவிட்டேன். பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது.

அண்ணன் விளக்கினார். ஒரு விதை நன்றாக இருந்தாலே பலருக்குக் குழந்தை பிறக்கும், தாம்பத்தியத்துக்கும் பொதுவாகத் தடை இல்லை. ஆனால் கீமோ விந்தணுக்களைப் பாதிக்கும். நிறையப் பேருக்குப் பிறகு திரும்ப வரும், சிலருக்கு வராது. யாருக்கு வராது என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால் கீமோ ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே சேமித்துவைக்க வேண்டும். "நாளைக்கு நீ மட்டும் போய் டாக்டரைப் பாரு. அம்மாவை மருந்துக் கடைக்கு அனுப்பிடு" என்றார்.

வெள்ளிக்கிழமை தனியாகப் போய்க் கேட்டேன். டாக்டர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கீமோவை இரண்டு நாள் தள்ளிவைத்தார். வேலை முடிந்தது.

யோசித்துப் பாருங்க, அந்த அண்ணன் புதிதாக ஒரு தகவலும் சொல்லவில்லை. டாக்டர் ஏற்கெனவே கேட்டதுதான். ஆனால் அதைக் கேட்கலாம், கேட்பதில் அசிங்கம் ஒன்றும் இல்லை என்கிற தைரியம், தானே அதைக் கடந்து வந்தவரிடமிருந்துதான் எனக்கு வந்தது.

எப்படித் தேடுவது?

எனக்கு அது தற்செயலாகக் கிடைத்தது. நீங்க தேடியே பிடிக்கலாம்.

முதலில் ஆஸ்பத்திரி. டாக்டர், சிஸ்டர், சோஷியல் வொர்க்கர், கவுன்சிலர், யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்க. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் மாதிரி பெரிய இடங்களில் மனநல ஆலோசனைக்கே தனிப் பிரிவு இருக்கிறது. கேட்கும் விதம் முக்கியம். இன்னொரு பேஷன்ட்டின் நம்பரைக் கேட்டால் தர மாட்டார்கள், தரவும் கூடாது. "என் வயசுல, இதே சிகிச்சை முடிச்சவர் யாராவது பேசச் சம்மதிச்சா, என் நம்பரை அவர்கிட்ட குடுங்க" என்று சொல்லிப் பாருங்க.

இரண்டாவது, வட்டத்தைப் பெரிதாக்குங்க. இதே கேன்சர் வந்தவர்தான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். லிம்ஃபோமாவுக்கு கீமோ எடுத்த 25 வயதுப் பையனுக்கும் முடி கொட்டியிருக்கும், வேலையில் இடைவெளி விழுந்திருக்கும், கல்யாணப் பேச்சில் என்ன சொல்வது என்ற குழப்பம் இருக்கும். அதே உறுப்பில் வந்த 60 வயதுக்காரரைவிட அவர் உங்களுக்கு நெருக்கமாக இருக்கலாம்.

மூன்றாவது, ஒருவருக்கு ஒருவர் என்று ஜோடி சேர்க்கும் அமைப்புகள். ஜானி இமர்மேன் என்ற அமெரிக்கருக்கு 20-களில் டெஸ்டிகுலர் கேன்சர் வந்தது. சிகிச்சையின்போது, தன் வயதில் இதைக் கடந்து வந்த யாரையும் அவர் சந்திக்கவில்லை. அந்தக் குறையிலிருந்து அவர் தொடங்கியதுதான் இமர்மேன் ஏஞ்சல்ஸ். வயது, நோய் எல்லாம் பார்த்து, மீண்டு வந்த ஒருவரோடு இலவசமாகச் சேர்த்துவைக்கிறார்கள். ஆங்கிலத்தில் பேசச் சிரமம் இல்லை என்றால் முயற்சி பண்ணலாம்.

நான்காவது, வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்கள். நல்லதுதான், ஆனால் ஒன்றை மறக்காதீங்க. குணமானவர்களில் பலர் வேலை, குடும்பம் என்று போய்விடுவார்கள். சிக்கலில் இருப்பவர்களே அதிகம் எழுதுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அதைப் படித்தால் உலகமே இருட்டாகத் தெரியும். பெயரோடு ரிப்போர்ட்டைப் போடாதீங்க. யாராவது மூலிகை விற்க ஆரம்பித்தால், உடனே வெளியே வந்துடுங்க.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

கீமோ அன்றைக்கு என்ன சாப்பிட்டீங்க, ஆபீஸில் எப்படிச் சொன்னீங்க, செயற்கை விதை வைத்துக்கொண்டீங்களா, ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்னாலும் தூக்கம் வராமல் என்ன செய்தீங்க, இதெல்லாம் தாராளமாகக் கேளுங்க. சினேகிதியிடம் எப்படிச் சொன்னீங்க என்றுகூடக் கேளுங்க.

மருந்து அளவு, ரத்த மார்க்கர் எண், அடுத்த சிகிச்சை எது, இவை டாக்டரிடம்தான். இந்தக் கேன்சரில் செமினோமா, நான்-செமினோமா என்று வகைகள் இருக்கின்றன, ஸ்டேஜும் ஆளுக்கு ஆள் மாறும். அவருக்கு ஆபரேஷனோடு முடிந்தது, எனக்கு மட்டும் ஏன் கீமோ என்று ஒப்பிட ஆரம்பித்தால் நிம்மதி போய்விடும். கீமோ நடக்கும்போது காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, குரூப்பில் கேட்டுக்கொண்டு உட்காராதீங்க. எந்த நேரமானாலும் உடனே ஆஸ்பத்திரி.

மனசு ரொம்பக் கனமாகிவிட்டால், அது சக நோயாளி தூக்கக்கூடிய சுமை இல்லை. டெலி-மானஸ், 14416. 24 மணி நேரமும் இலவசம். தமிழிலும் பேசலாம்.

வீட்டில் கேட்பவர்களுக்கு

ஸ்பீக்கரில் ஓடினாலும் நல்லது என்று சொன்னேனே, அது உங்களுக்காகத்தான். பையனோடு டாக்டர் ரூமுக்குப் போகும் அப்பா அம்மா, ஐந்து நிமிஷம் வெளியே வந்துடுங்க. அவன் தனியாகக் கேட்க வேண்டியது இருக்கும். நண்பர்கள், "நீ ஃபைட்டர்டா" எல்லாம் வேண்டாம். "புதன்கிழமை நான் பைக்ல கூட்டிட்டுப் போறேன்" போதும்.

என் அம்மாவுக்கும் ஒரு துணை தேவைப்பட்டது என்று ரொம்பத் தாமதமாகத்தான் எனக்குப் புரிந்தது. அந்த அண்ணனின் அம்மாவோடு ஒருநாள் போனில் பேசினார். முக்கால் மணி நேரம். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு ராத்திரி அம்மா நன்றாகத் தூங்கினார்.

சிகிச்சை முடிந்து ஃபாலோ-அப்புக்குப் போனபோது, அதே சிஸ்டரிடம் என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏழு மாதம் கழித்து ஒரு அழைப்பு. எதிர்முனையில் ஒரு பையன். ஹலோ சொன்னான், அப்புறம் பேச்சே இல்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணா, ஆபீஸ்ல என்ன சொன்னீங்க?" என்று கேட்டான்.

"ஹெர்னியான்னு சொன்னேன்டா" என்றேன். சிரித்துவிட்டான். "நானும் அதான்ணா சொல்லியிருக்கேன்" என்றான்.

அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம். அடுத்த வாரம் சந்திப்போம் மக்களே. உடம்பைப் பார்த்துக்கோங்க. கட்டி ஏதாவது தட்டுப்பட்டா, வலிக்கலைன்னு விட்டுடாதீங்க.