திரையில் ஏழு பகுதி, காஞ்சியில் ஒன்பது ஆண்டு

2025 ஜூலை 18 அன்று ஜீ5 தளத்தில், பாலாஜி செல்வராஜின் இயக்கத்தில் ஏழு பகுதிகளாக வெளிவந்த ‘சட்டமும் நீதியும்’ தொடர், நோட்டரியாகக் காலந்தள்ளும் சுந்தரமூர்த்தி என்ற எளிய வக்கீலை நாயகனாக்கி, மகளைக் காணாத புகாரைப் போலீஸார் ஏற்காததால் நீதிமன்ற வளாகத்திலேயே தீக்குளித்த ஒரு தந்தையின் பொருட்டு அவரை வாதாடச் செய்கிறது. சரவணனின் அடக்கமான நடிப்பே தொடரின் ஜீவன்.

காஞ்சிபுரத்தாருக்கு வழக்கின் போக்கு புதிதன்று. 2004 செப்டம்பர் 3 அன்று வரதராஜப் பெருமாள் ஆலயத்தில் அதன் மேலாளர் சங்கரராமன் கொலையுண்டதும், சங்கர மடாதிபதிகள் இருவரும் கைதானதும், சுப்ரீம் கோர்ட்டு உத்தரவால் விசாரணை புதுச்சேரிக்கு மாற்றப்பட்டு, 189 சாட்சிகளுள் 83 பேர் பிறழ்சாட்சியராகி, 2013 நவம்பர் 27 அன்று குற்றஞ்சாட்டப்பட்ட 23 பேரும் விடுதலையானதும் இவ்வூர் ஒன்பது ஆண்டுக்காலம் கண்ட நிகழ்ச்சிகள். சாட்சிக் கூண்டேறுவோரின் மனப்போராட்டத்தை எந்தத் தொடரும் இன்னும் போதிய பொறுமையுடன் சித்திரித்ததில்லை என்பது என் அபிப்பிராயம்.

தொடரின் மூலப்பிரச்சினைக்கோ சட்டத்திலேயே பரிகாரமுண்டு. கைதுசெய்தற்குரிய குற்றம் பற்றிய தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயமென்று, அதே 2013 நவம்பரில், லலிதா குமாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. ஆகவே, நிலையத்தில் புகாரை மறுத்தால், வாசகர்களே, மனந்தளராமல் அதனை எழுத்து மூலம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் பயனில்லையெனில் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யுங்கள்.