சிலுவையும் குருசும்: வழியோரக் கற்கள் சொல்லும் வரலாறு

தமிழில் ஒரே பொருளைக் குறிக்க இரு சொற்கள் வழங்குகின்றன: சிலுவை, குருசு. இரண்டும் கடன்சொற்களே. ஆயினும் அவை வந்த வழியும் காலமும் வேறு. அவ்விரு வழிகளுக்கும் கல்லே சான்றாக நிற்கிறது.

சிலுவை என்பது சுரியானி மொழியின் 'ஸ்லீவா' என்னும் சொல்லினின்று வந்தது. பாரசீகத்தோடு தொடர்புகொண்டிருந்த பழங்கிறித்தவர்களின் வழிபாட்டு மொழி சுரியானி. 1547இல் சென்னைப் பரங்கிமலையில் போர்த்துக்கீசியர் கோயிற்பணிக்காகத் தோண்டியபோது, பகலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை ஒன்று வெளிப்பட்டது. கேரளத்துக் கோட்டயம் வலியபள்ளியிலும் இத்தகைய சிலுவைகள் உள்ளன. இலங்கை அநுராதபுரத்திலும் 1912இல் பழஞ்சிலுவை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. போர்த்துக்கீசியர் வருமுன்னரே இம்மண்ணில் கிறித்தவம் வேர்கொண்டிருந்தமையை இக்கற்கள் உணர்த்துகின்றன.

குருசு என்பதோ போர்த்துக்கீசிய மொழியின் 'குரூஸ்'. 16ஆம் நூற்றாண்டில் அவர்களோடு கடற்கரைக்கு வந்த இச்சொல், விரைவில் தமிழ் இலக்கணத்திற்குள் அடங்கிற்று. மரத்தடி, கோயிலடி என்பன போலக் 'குருசடி' என்னும் தொகைச்சொல் பிறந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் முச்சந்திகளிலும் ஊரெல்லைகளிலும் குருசடிகளை இன்றும் காணலாம். பெருங்கோயிலைப் போலன்றி, இவற்றை ஊர்மக்களே விளக்கேற்றிப் பேணுவர். வழிப்போக்கர் நின்று வணங்கிச் செல்வர். கேரளத்துத் திறந்தவெளிக் கற்குருசுகளின் பீடங்களில் தாமரை இதழ்களும் விளக்கு மாடங்களும் செதுக்கப்பட்டிருக்கும். பிரான்சின் பிரித்தானிப் பகுதியிலும் அயர்லாந்திலும் கற்சிலுவைகள் உண்டு. ஆனால் தாமரைமேல் நிற்கும் குருசு நம் மண்ணின் கைவண்ணமாகும்.

இதனைச் சிலிம் ரிவரில் பேசுவதற்குக் காரணம் உண்டு. மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழருள் கிறித்தவரும் இருந்தனர். குருசடிக் கல்லைக் கப்பலேற்றிக் கொணர்தல் அரிது. சொல்லை நாவிலேந்தி வருதல் எளிது. பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல செம்பனைக்கு மாறின. லயங்களில் வாழ்ந்தோர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். வழிபாட்டிடம் கைவிடப்படும்போது, அதனைச் சுற்றி வழங்கிய பெயர்களும் ஒலி குன்றுகின்றன.

கல் சிதைந்தாலும் அடித்தளம் எஞ்சும். சொல் சிதைந்தால் எஞ்சுவது யாதுமில்லை. ஆகவே, மாணவர்கள் தத்தம் வீட்டு முதியோரிடம் ஒன்று கேட்க வேண்டும்: தோட்டத்தில் மக்கள் கூடி வணங்கிய இடங்கள் எவை? அவற்றை என்ன பெயரிட்டு அழைத்தனர்? குருசடியாயினும், கெபியாயினும், முனியாண்டி கோயிலாயினும், கேட்ட சொல்லைக் கேட்டவாறே எழுதிவைத்தல் நம் கடமையாகும்.