பிழையும் விதிமீறலும்

அணுமின் நிலைய விபத்துகளை ஆராய்வோர், மனிதப் பிழையையும் விதிமீறலையும் தனித்தனியே காண்பர். சரியெனக் கருதிச் செய்தது தவறாக முடிவது பிழை; விதியை அறிந்திருந்தும் அதனைக் கடப்பது விதிமீறல்.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் நிலையத்தில், அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று மூடாமல் நின்றது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ, மூடுவதற்கான ஆணை சென்றதை மட்டுமே காட்டியது. வால்வு மூடிவிட்டதாக நம்பிய இயக்குநர்கள், நீர் மிகுந்துவிட்டதெனக் கருதி, அவசரக் குளிர்விப்பு நீரைக் குறைத்தனர். அப்பிழையால் உலையின் மையப்பகுதியில் ஏறத்தாழப் பாதி உருகியது.

1986 ஏப்ரல் 26 அன்று, அன்றைய சோவியத் ஒன்றியத்தின் செர்னோபில் நிலையத்தில் நடந்தது விதிமீறல். 700 மெகாவாட் வெப்பத்திறனில் நடத்தத் திட்டமிட்ட சோதனையை 200 மெகாவாட்டிலேயே தொடர்ந்தனர். கட்டுப்படுத்தும் கழிகளை விதி அனுமதித்த எல்லைக்கு மேல் வெளியே இழுத்தனர். நான்காம் உலை வெடித்துச் சிதறியது.

எனினும், பழி முழுவதும் இயக்குநர்களையே சாருமா? கழிகளை உள்ளே செலுத்தும் தொடக்கத்தில் உலையின் திறன் உயரக்கூடும் என்னும் வடிவமைப்புக் குறை அவர்களுக்கு முறையாக உணர்த்தப்படவில்லை. பன்னாட்டு அணுசக்தி முகமையின் பாதுகாப்பு ஆலோசனைக் குழு 1992இல் இதனை எடுத்துரைத்தது. காரணம் அறியாதவர்க்கு விதி வெறும் தடையாகவே தோன்றும்.

ஆகவே, பிழையைக் குறைக்கத் தெளிவான கருவிகளும் பயிற்சியும் வேண்டும். விதிமீறலைத் தவிர்க்கவோ, விதியின் காரணத்தை விளக்கும் நிருவாகமும், ஐயம் எழுந்தால் பணியை நிறுத்தும் உரிமையும் வேண்டும்.