கார்ப்பெட் விரிக்குமுன் பலகையைத் தட்டிப் பாருங்கள்!

மும்பையின் பழைய பகுதிகளான கிர்காவ், கால்பாதேவி, பைக்குலா ஆகிய இடங்களில் மரத்தால் மாடி கட்டிய கட்டிடங்கள் இன்னும் பல நிற்கின்றன. பர்மா தேக்கில் குறுக்குக் கட்டை போட்டு, அதன்மேல் பலகை அறைந்த காலத்தவை அவை. அந்த சால்களில் குடும்பத்தோடு இருக்கும் தமிழர்களும் உண்டு; நாலைந்து பேராகச் சேர்ந்து அறை எடுத்துத் தங்கும் இளைஞர்களும் உண்டு.

தீபாவளி நெருங்குகிறது, அல்லது திருநெல்வேலியிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்றால் முதலில் கண்ணில் படுவது தரைதான். பலகை நடுவே இடைவெளி, தூக்கி நிற்கும் ஆணி, மிதித்தால் ‘கிரீச்’ சத்தம். கடைக்குப் போய் மீட்டர் கணக்கில் பிளாஸ்டிக் கார்ப்பெட் வாங்கி விரித்தால் எல்லாம் மறைந்துவிடும். மறைந்துவிடும், அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் விரிப்பு ஈரத்தை மேலே விடாது. மோரி ஓரத்தில் சிந்தும் தண்ணீர் அடியில் தங்கி, பலகை முன்னிலும் வேகமாக உளுத்துப் போகும். விரிப்பின் கீழே பழைய செய்தித்தாளைப் பரப்பும் வழக்கமும் உண்டு. ஈரம் குடித்த காகிதம் கரையானுக்கு விருந்து. அது எந்தப் பத்திரிகையானாலும் சரி!

திருப்புளி சோதனை

செய்ய வேண்டியது எளிது. மோரி, ஜன்னல், வெளிச்சுவர் ஆகியவற்றின் ஓரங்களில் திருப்புளியால் பலகையைக் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல தேக்கு முனையை உள்ளே விடாது. புட்டுப் போல உதிர்ந்தால் அந்தத் துண்டை அகற்றியே ஆக வேண்டும்.

வெட்டும்போது, இரு பக்கமும் கட்டையின் நடு மையத்தில் வெட்டுவதே முறை. அப்போதுதான் பழைய பலகையின் நுனியும் புதிய பலகையின் நுனியும் ஒரே கட்டையில் உட்காரும். புதிய பலகை அதே கனத்தில் இருக்க வேண்டும். மெல்லியதாக இருந்தால் கட்டைமேல் சிம்பு வைத்து மட்டப்படுத்தலாம்.

சத்தம் போடும் பலகைக்கு மீண்டும் ஆணி அடிப்பது வீண். திருகாணி முடுக்கினால் அடங்கும். நீளமான திருகாணி கூடாது. கீழ் வீட்டு மின்விசிறிக்குப் போகும் ஒயர் அடியில் ஓடக்கூடும். இடைவெளியில் சிமெண்டு அடைப்பவர்கள் உண்டு. மரம் அசையும், சிமெண்டு அசையாது, நாளடைவில் பொடிந்துவிடும். மெல்லிய மரச் சிம்பைப் பசை தடவி இறக்கி, இழைத்துவிடுவதே நிற்கும். மழைக்காலத்தில் மரம் ஊதியிருக்கும் என்பதால், மழை முடிந்து பலகை காய்ந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பிறகு மேலே 6 மில்லி மீட்டர் பிளைவுட் அறைந்தால் கார்ப்பெட் மடிப்பு விழாமல் படியும்.

கட்டையே உளுத்திருந்தால்?

பலகையைத் தூக்கும்போது, சுவருக்குள் போகும் கட்டையின் நுனியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அது கறுத்து உதிர்ந்தால் தச்சர் வேலை அத்துடன் முடிந்தது. அது கட்டிடத்தின் வேலை; கீழே குடியிருப்பவர் தலைக்கு மேல் நிற்கும் வேலை.

இதற்கென்றே 1969-ல் சட்டம் இயற்றப்பட்டு, பழுதுபார்ப்பு வாரியம் அமைந்தது. பழைய கட்டிடங்களிடம் அதற்காக ‘செஸ்’ வசூலாகிறது. 1977 முதல் அந்த வாரியம் மஹாடாவின் கீழ் இயங்குகிறது. வீட்டுக்காரர் அசையாவிட்டால் குடியிருப்பவர்களே அங்கு எழுதிக் கொடுக்கலாம்.

ஆனாலும் பலர் எழுதுவதில்லை. ‘ஆபத்தான கட்டிடம்’ என்று நோட்டீஸ் ஒட்டினால் இடைத்தங்கல் முகாமுக்குப் போக வேண்டும். போனவர்கள் பலர் பல வருடங்களாகத் திரும்பவில்லை. வேலை, பள்ளிக்கூடம், லோக்கல் ரெயில் எல்லாம் தூரமாகிவிடும். இந்த அச்சம் பொய்யல்ல. அதற்காகக் கட்டையின்மேல் கார்ப்பெட்டைப் போட்டு மூடுவது, கீழ் வீட்டுப் பிள்ளைகள் தூங்கும் இடத்தின் மேல் நடப்பதாகும். அவர்களையும் கூட்டிக்கொண்டு, சாலில் உள்ள எல்லாரும் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தால், தனி ஒருவர் கொடுப்பதைவிடக் கவனம் பெறும்.

பலகை மட்டும்தான் பழுது என்றாலும், தச்சரை அழைக்குமுன் கீழ் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. நூறு வருடத்துத் தூசி அவர்கள் சோற்றுப் பானையில்தான் விழும்.