காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீலா? காருக்கு ‘ஹெட்டர்’ பைப் வாங்கும் வாலிபர்களே, உஷார்!

சேலம்,

எவர்சில்வர் பாத்திரம் வாங்கப் போனால் கையோடு ஒரு காந்தத்தையும் கொண்டு போவது நம் ஊர்ப் பெண்களின் வழக்கம். ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் அசல் என்பது கணக்கு.

அதே கணக்கைப் போட்டு, காருக்கு ஸ்டெயின்லஸ் ஸ்டீல் ‘ஹெட்டர்’ பைப் வாங்கிய வாலிபர் ஒருவர் பணத்தைப் பறிகொடுத்தார். உயிர் தப்பியதே பெரும்பாடு!

இது பற்றிய விவரம் வருமாறு:-

அந்த வாலிபர் நமக்கு நண்பர். பழைய எஸ்டீம் கார் ஒன்று வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஏற்காடு மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சர்ரென்று ஏறி இறங்குவதில் அவருக்கு ஒரு சந்தோஷம். வண்டி இன்னும் இழுக்க வேண்டும் என்று ஆசை. மலிவு விலையில் ஒரு ஹெட்டர் பைப் கிடைத்தது.

“304 ஸ்டீலுங்க தம்பி. காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டாதுங்க” என்றார் விற்றவர். வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார்.

நாலே மாதம். மலைப்பாதையில் பாதி தூரத்தில் இஞ்சினில் ‘தடதட’வென்று சத்தம். கொஞ்ச நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு. கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டியை ஓரம் கட்டினார். பானெட்டைத் திறந்தால், பைப் வெல்டிங் ஓரமாகப் பிளந்து கிடந்தது!

ஹெட்டர் என்றால் என்ன?

நாலு சிலிண்டர் இஞ்சினில் புகை வெளியேற நாலு வாசல் உண்டு. கம்பெனியில் வார்ப்பு இரும்பில் குட்டையான ‘மேனிபோல்ட்’ ஒன்றைப் போட்டு நாலையும் உடனே ஒன்றாகச் சேர்த்து விடுகிறார்கள். ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றின் புகைக்குக் குறுக்கே நிற்கும்.

ஹெட்டரில் ஒவ்வொரு வாசலுக்கும் தனிப் பைப். ஏறக்குறைய ஒரே நீளம். கொஞ்ச தூரம் போன பிறகே சேரும். புகை முட்டாமல் போவதால் இஞ்சின் லேசாக மூச்சு விடுகிறது.

ஆனால் ஒன்று. கார்புரேட்டர், கம்ப்யூட்டர் செட்டிங் எதையும் மாற்றாமல் ஹெட்டரை மட்டும் மாட்டினால் சில குதிரைச் சக்திதான் கூடும். சத்தம்தான் அதிகம் கூடும்.

மூன்று ரகம்

ஸ்டெயின்லஸ் ஸ்டீல் என்பது ஒரே பொருள் அல்ல. பைப் கடையில் முக்கியமாக மூன்று ரகம் அடிபடும்.

304: குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். துரு ஏறாது. விலை அதிகம்.

202, ஜே4 வகையறா: விலை உயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீசை ஏற்றியது. பாத்திரம், ஜன்னல் கம்பி, கைப்பிடிக்குப் போதும். பளபளப்பில் 304-க்கு அண்ணன்!

409: குரோமியம் 11 சதவீதம் அளவு. நிக்கல் இல்லாததால் விலை குறைவு. உலகம் முழுக்கக் கார் கம்பெனிகள் புகைக் குழாய்க்குப் போடுவது பெரும்பாலும் இந்த ரகம்தான். மேலே பழுப்பு நிறம் தட்டும். பார்க்க அழகில்லை. ஆனால் உழைக்கும்.

இந்த விலை வித்தியாசம் நிக்கலால் வருகிறது. 2022 மார்ச்சில் லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் டன் 1 லட்சம் டாலரைத் தாண்டி, வியாபாரத்தையே நிறுத்தி வைத்தார்கள். அப்படிப்பட்ட சரக்கைப் பாத்திர விலைக்கு ஒருவர் கொடுக்கிறார் என்றால் யோசிக்க வேண்டாமா?

காந்தம் காலை வாரும்!

இங்கேதான் சூட்சுமம். 304-ல் காந்தம் ஒட்டாது. மட்டமான 202-லும் ஒட்டாது! புகைக் குழாய்க்கென்றே செய்த 409-ல் மட்டும் நன்றாக ஒட்டும்.

அதாவது காந்தத்தை நம்பிப் போகிறவர் நல்ல 409-ஐத் தள்ளிவிட்டு, 202-ஐ 304 விலைக்கு வாங்கி வருவார். நம் நண்பருக்கு நடந்தது இதுதான்.

இன்னொரு விஷயம். சூட்டில் 304, 202 இரண்டும் சாதா இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளும். 409 சாதா இரும்பு அளவுக்குத்தான் நீளும். நீள இடம் கொடுக்காமல் இறுக்கி வெல்டிங் வைத்தால் சூடாகி, ஆறி, சூடாகி, ஒருநாள் பிளக்கும். அசல் 304 ஆனாலும் இதே கதிதான்.

‘சேலம் பைப்’ உண்டா?

“சேலம் ஸ்டீலுங்க” என்று சொல்லியும் விற்கிறார்கள். கஞ்சமலை அடிவாரத்து உருக்காலைக்கு 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981-ல் உற்பத்தி தொடங்கியது. அதன் பேருக்கு மதிப்பு உண்டு. ஆனால் அங்கே உருட்டுவது தகடும் சுருளும். அதை வளைத்துப் பைப் ஆக்குவது வேறு ஆட்கள்.

ஆகவே பேரைக் கேட்டு மயங்காதீர்கள். ‘மில் டெஸ்ட் சர்ட்டிபிகேட்’ கேளுங்கள். அதில் இருக்கும் ஹீட் நம்பரும் பைப்பில் உள்ள நம்பரும் ஒத்துப் போகிறதா பாருங்கள். பில்லில் ரகத்தின் நம்பரை எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

காசு எங்கே போக வேண்டும்?

நாமக்கல் லாரிப் பட்டறைகளில் பழம் தின்று கொட்டை போட்ட மேஸ்திரி ஒருவர் நம்மிடம் கூறியதாவது:-

“பளபளப்புக்குக் காசு கொடுக்காதீங்க. இஞ்சினோட சேர்ற பிளேஞ்ச் எத்தனை மொத்தம்னு பாருங்க. மெல்லிசா இருந்தா சூட்டுல வளைஞ்சு கேஸ்கட் போயிரும். பைப் 1.2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 1.6 இருந்தா இன்னும் நல்லது. வளைவுல பைப் நசுங்கி இருக்கான்னு கையை வச்சுத் தடவுங்க. வெல்டிங் ஆர்கான் வெல்டிங்கா இருக்கணும். பைப்புக்குள்ளேயும் ஆர்கான் விட்டு அடிச்சிருக்கணும். இல்லேன்னா உள்பக்கம் கருகி சர்க்கரை மாதிரி பொரிஞ்சு நிக்கும். டார்ச் அடிச்சுப் பார்த்தாத் தெரியுங்க.”

உயிருக்கே உலை!

பைப் பிளந்தால் சத்தத்தோடு போகாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. காருக்குள் புகுந்தால் முதலில் தலைவலி, அப்புறம் மயக்கம். நம் நண்பருக்கு வந்த கிறுகிறுப்பும் இதன் அறிகுறிதான். கண்ணாடி ஏற்றியபடி இன்னும் நாலு வளைவு போயிருந்தால்?

போலீஸ் பிடித்தால்...

அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றினால், 2019 திருத்தச் சட்டப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் வரலாம். சத்தம், புகை விதியை மீறினால் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை ஜெயில். 3 மாதம் லைசென்சும் போகும்.

புதிய கார்கள் பலவற்றில் புகையைச் சுத்தம் செய்யும் ‘கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்’ மேனிபோல்ட்டை ஒட்டியே இருக்கிறது. ஹெட்டர் மாட்டினால் அதைக் கழற்றியாக வேண்டும். அப்புறம் புகைச் சோதனையில் தேறுவது எப்படி?

வேகப் பிரியர்களுக்குக் கோவை அருகே கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிறது. 1990-ல் திறந்த இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளம் இருக்கிறது. ஹெட்டர் பைப்புக்கு அதுதான் இடம். ஏற்காடு ரோடு அல்ல.

சிவந்த சொட்டு

நண்பர் பழைய வார்ப்பு இரும்பு மேனிபோல்ட்டையே திரும்ப மாட்டிவிட்டார். பிளந்த பைப்பை எடைக்குப் போடக் கொண்டு போனார்.

“304-ங்ணா, நல்ல விலை போடுங்க” என்றார்.

பழைய இரும்புக் கடைக்காரர் பதில் பேசவில்லை. காந்தத்தையும் எடுக்கவில்லை. பைப்பில் ஒரு சொட்டு மருந்து விட்டு, சின்ன பேட்டரியைத் தொட வைத்தார். சொட்டு சிவந்தது. மாங்கனீசு அதிகமுள்ள மட்ட ரகம் என்று அர்த்தம்.

கடைக்காரர் கேட்டார்: “இந்தச் சொட்டை வாங்குறதுக்கு முன்னாடி வந்து விட்டிருக்கலாமுல்ல தம்பி?”