வீட்டில் தயாராகும் வாசனைத் தேநீர்

திட்டக்குடி வட்டாரத்தில் விடியற்காலையில் தூக்குப் பாத்திரத்துடன் பால் சங்கத்துக்குச் செல்லும் அங்கத்தினர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். கறந்த பாலில் பெரும்பகுதியை அங்கே அளந்து ஊற்றிவிட்டு, திரும்பும் வழியில் கடையில் நின்று ஒரு டம்ளர் தேநீரை விலை கொடுத்து வாங்கி அருந்துகிறார்கள். வீட்டிலோ, மனைவியும் மக்களும் நிறம் மட்டும் மாறிய வெந்நீரைக் குடித்துவிட்டு வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்புகிறார்கள். தறி உள்ள வீடுகளிலும் நிலைமை வேறல்ல. தறியில் இருப்பவருக்குக் கடையிலிருந்து தேநீர் வருகிறது. பக்கத்தில் அமர்ந்து தார் சுற்றும் பெண்ணுக்கு அதில் மிஞ்சியதுதான் கிடைக்கிறது.

கடைக்காரரைக் குறை கூற நாம் முன்வரவில்லை. அவர் தம் தொழிலைச் செய்கிறார். ஆனால் பாலும் நம்முடையது, அடுப்பும் நம்முடையது என்று இருக்கையில், நல்ல தேநீர் மட்டும் கடைத்தெருவில்தான் கிடைக்கும் என்று இருக்கவேண்டியதில்லை. இஞ்சியும் ஏலமும் சேர்ந்த வாசனைத் தேநீரை வீட்டிலேயே செய்யும் முறையை இங்கே சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

மசாலாத் தேநீர் வடநாட்டுப் பழக்கம் என்று சிலர் ஒதுக்குவதுண்டு. பெயர் வடக்கிலிருந்து வந்திருக்கலாம். பண்டம் நமக்குப் புதிதல்ல. சுக்கையும் கொத்தமல்லியையும் இடித்துக் கருப்பட்டி சேர்த்துக் காய்ச்சிய நீரைத் தலைமுறை தலைமுறையாக நாம் அருந்தி வருகிறோம். ஒரு கொட்டை காப்பிகூட அதில் இல்லாதபோதிலும் அதற்குச் ‘சுக்குக் காப்பி’ என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள், வாசனைத் தேநீரைக் கண்டு தயங்குவானேன்?

முதலில் இலையைப் பற்றிச் சொல்லவேண்டும். கரும்பும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் நம் மண்ணில் தேயிலை விளையாது. நீலகிரியிலிருந்துதான் வரவேண்டும். அங்கே சிறு நிலம் வைத்துள்ள விவசாயிகள், பறித்த பச்சை இலையை வைத்துக் காத்திருக்க முடியாது. அன்றன்றே அது ஆலைக்குச் சென்றாகவேண்டும். வாங்குபவர் சொன்னதே விலை என்ற நிலையிலிருந்து தப்பிக்க அவர்கள் கூட்டுறவு ஆலைகளை அமைத்துக்கொண்டார்கள். குந்தாவில் 1962ஆம் ஆண்டு அத்தகைய தொழிற்கூட்டுறவுத் தேயிலை ஆலை தோன்றியது. இவ்வாலைகளுக்கெல்லாம் தலைமை இணையமாக ‘இண்ட்கோசர்வ்’ 1965இல் ஏற்பட்டது. நியாயவிலைக் கடைகளில் ‘ஊட்டி டீ’ என்று விற்கப்பட்டது இவர்களது சரக்கே. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு கிலோவுக்கு மேற்பட்ட பச்சை இலை வேண்டியிருக்கிறது. 1991இல் சோவியத் நாடு கலைந்தபின் அந்நாட்டுச் சந்தை சுருங்கியதும், இலையின் விலை வீழ்ந்து இவ்விவசாயிகள் பட்ட துன்பம் பெரிது. நூல் விலை ஏறிச் சேலை விலை ஏறாத காலத்தின் துன்பத்தை அறிந்த நெசவாளர்களுக்கு அதை நாம் விளக்கவேண்டியதில்லை.

தூளாக உருண்டிருக்கும் சி.டி.சி. தேயிலையே பால் தேநீருக்கு ஏற்றது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுகிற இந்த இயந்திர முறை 1930ஆம் ஆண்டளவில் அஸ்ஸாமில் தோன்றியது. சிறு உருண்டையாதலால் சாறு விரைவில் இறங்கும். பாலுக்கும் மசாலாவுக்கும் ஈடுகொடுக்கும் அழுத்தமும் இருக்கும். உதிரியாக வாங்கும் தூளில் சாயம் கலந்திருக்கிறதோ என்ற ஐயம் ஏற்பட்டால், ஈரமான மை ஒற்றும் தாளின்மேல் சிறிது தூவி, சற்றுப் பொறுத்துத் தூளை அகற்றித் தாளைத் தண்ணீரில் காட்டுங்கள். கருமையான திட்டுகள் அழியாமல் தங்கினால் அந்தத் தூள் நமக்கு வேண்டாம்.

இனி, செய்முறைக்கு வருவோம். பாவு ஓட்டாமல் ஊடை போட முடியாது என்பது நெசவாளர்களுக்குத் தெரியும். தேநீரிலும் எது முன், எது பின் என்பதே முக்கியம். பெரும்பாலான வீடுகளில் பால், தண்ணீர், தூள், சர்க்கரை, இஞ்சி யாவற்றையும் ஒரே சமயத்தில் பாத்திரத்திலிட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். சில நாள் நன்றாக அமைகிறது. சில நாள் பால் திரிந்துவிடுகிறது. பால் கெட்டது என்று பசுவையும் பால்காரரையும் நிந்திக்கிறோம். குற்றம் பெரும்பாலும் இஞ்சியினுடையது!

பச்சை இஞ்சியில் பாலின் புரதத்தைப் பிரித்து உறையச் செய்யும் ஒரு நொதி இருக்கிறது. சீனாவின் குவாங்டுங் மாகாணத்தில் இதையே ஒரு தின்பண்டமாக்கிவிட்டார்கள். கிண்ணத்தில் இஞ்சிச் சாற்றை விட்டு, சூடான பாலை அதன்மேல் ஊற்றி வைத்தால், மோர் எதுவும் இல்லாமலே சில நிமிஷங்களில் அது தயிர்போல் உறைந்துவிடுகிறது. அவர்கள் விரும்பிச் செய்வதை நாம் தேநீரில் விரும்பாமல் செய்துவிடுகிறோம். நன்றாகக் கொதிக்கும் நீரில் இந்த நொதி தன் வலிமையை இழந்துவிடும். ஆகவே தட்டிய இஞ்சியைத் தண்ணீரிலேயே ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டுப் பிறகு பாலைச் சேர்த்தால் திரியும் என்ற அச்சமில்லை. சுக்குக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை; ஆனால் அதன் காரம் இஞ்சியைவிட உறைப்பானது. கை சற்று அடங்கி இருக்கவேண்டும்.

நாலு பேருக்கு வேண்டிய அளவைச் சொல்கிறோம். தண்ணீர் 350 மில்லி, பால் 350 மில்லி. விரல் கணு அளவு இஞ்சி, மிளகு நாலு, கிராம்பு இரண்டு, நகத்தளவு பட்டை ஒரு துண்டு. இவற்றை ஒன்றிரண்டாகத் தட்டித் தண்ணீரில் போட்டு, மூடிவைத்து ஐந்து நிமிஷம் கொதிக்கவிடவேண்டும். மிளகு, கிராம்பு, பட்டை ஆகியவை கெட்டியான சரக்குகள். நேரம் கொடுத்தால்தான் சாரம் இறங்கும். பிறகு நாலு தேக்கரண்டித் தூளைப் போட்டு இரண்டு நிமிஷத்துக்கு மேற்படாமல் கொதிக்கவிடுங்கள். ‘திடமாக இருக்கட்டும்’ என்று கால்மணி நேரம் கொதிக்கவைத்தால் திடம் வராது, துவர்ப்புத்தான் வரும். அதை மறைக்கச் சர்க்கரை, சர்க்கரையை ஈடுசெய்ய மேலும் தூள் என்று செலவு ஏறும். திடம் வேண்டுவோர் தூளைச் சிறிது கூட்டுவதே முறை.

அடுத்தது பால். முன்பே காய்ச்சிய சூடான பாலாயின் நல்லது. அதிலுள்ள புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பற்றிக்கொண்டு நாவுக்கு மென்மை தருகிறது. இருமுறை பொங்கி எழும்வரை வைத்திருந்து இறக்கிவிடலாம். எருமைப் பாலாயின் தண்ணீரைச் சற்றுக் கூட்டிக்கொள்வது நலம். இறக்கும் தறுவாயில் மூன்று ஏலக்காயைத் தோலுடன் நசுக்கிப் போட்டு ஒரு நிமிஷம் மூடிவையுங்கள். ஏலத்தின் மணம் ஆவியாகி ஓடக்கூடியது. போடிநாயக்கனூர்ச் சந்தையில் அதன் விலை என்ன என்பதை அறிந்தவர் எவரும் அதை முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டுத் தெருவுக்கு மணம் ஊட்டமாட்டார்கள்!

சர்க்கரை எப்போது சேர்த்தாலும் தீங்கில்லை. வெல்லமோ கருப்பட்டியோ சேர்ப்பவர்கள் மட்டும் கவனிக்கவேண்டும். வெல்லத்தில் சிறிது புளிப்புத் தன்மை உண்டு. கொதிக்கும் பாலில் இட்டால் திரிந்துவிடலாம். பாயசம் செய்யும்போது பாட்டிமார் என்ன செய்தார்களோ அதையே செய்யுங்கள். அடுப்பிலிருந்து இறக்கி, கொதிப்பு அடங்கியபின் தூள் வெல்லத்தைச் சேர்க்கவேண்டும். அல்லது டம்ளரில் வெல்லத்தை இட்டு அதன்மேல் வடிகட்டலாம். வடிகட்டியதை இரண்டு மூன்று முறை உயர்த்தி ஆற்றினால் எல்லாம் ஒன்றுகூடி நுரை கட்டும்.

அறுவடைக் காலத்திலும் பண்டிகைக்கு முன் தறி ஓயாத நாட்களிலும் ஒவ்வொரு வேளையும் தட்டிக்கொண்டிருக்க நேரமிராது. அதற்குப் பொடியாகவே செய்துவைக்கலாம். சுக்கு 25 கிராம், ஏலக்காய் 15 கிராம், மிளகு 10 கிராம், கிராம்பு 5 கிராம், பட்டை 5 கிராம். இவற்றை வெயிலில் காயவைத்து இடித்துச் சலித்தால் ஏறக்குறைய 60 கிராம் தேறும். நாலு பேர் தேநீருக்கு ஒரு கிராம், அதாவது அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு, போதுமானது. நாளைக்கு ஒருமுறை என்று வைத்தால் இரண்டு மாதம் வரும். அதற்குமேல் செய்துவைத்தால் மணம் குறைந்துபோகும். இதை வைக்க இறுக மூடும் பீங்கான் ஜாடி சிறந்தது. கிழக்கே விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். ஊறுகாய்க்கு அவ்வூர் ஜாடியை வாங்குகிறவர்கள் இதற்கும் சிறியதொன்று வாங்கிக்கொள்ளலாம்.

தேநீர் காய்ச்சும் பாத்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். எவர்சில்வர் பாத்திரம் உத்தமம். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் தேநீர் மைபோல் கறுத்துவிடும். இதன் காரணம் சாயவேலை அறிந்த அங்கத்தினர்களுக்கு உடனே விளங்கும். கடுக்காய் ஊட்டிய துணியில் இரும்புக் கரைசலை இட்டால் அழியாத கறுப்பு ஏறுகிறதல்லவா? கடுக்காயின் துவர்ப்பைப் போன்றதே தேயிலையின் துவர்ப்பும். இரும்பைக் கண்டால் விடாமல் பற்றிக்கொள்ளும்.

இங்கேதான் நாம் மிகவும் வற்புறுத்த விரும்பும் விஷயம் இருக்கிறது. சட்டியில் நடப்பது வயிற்றிலும் நடக்கிறது. கீரையிலும் கேழ்வரகிலும் பயறுகளிலும் உள்ள இரும்புச் சத்தைத் தேநீரின் துவர்ப்புப் பற்றிக்கொண்டு, உடலில் சேரவிடாமல் பெருமளவு தடுத்துவிடுகிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். காலையில் பழையதை உண்ட கையோடு தேநீர், மதியச் சோற்றோடு தேநீர், பசி எடுத்தால் சோற்றுக்குப் பதில் தேநீர் என்று வாழும் பெண்கள் நம் அங்கத்தினர் குடும்பங்களில் எத்தனை பேர்! கர்ப்பவதிகளும் வயதுவந்த பெண் குழந்தைகளும் இதனால் மிகுதியும் பாதிக்கப்படுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்குகிறவர்களும் உண்டு. மாத்திரையின் பயனில் ஒரு பகுதி அவ்விடத்திலேயே தொலைகிறது.

தேநீரை விட்டுவிடவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீர், காப்பி வேண்டாம் என்று ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது. காலை உணவை எட்டு மணிக்கு முடிப்பவர்கள் பத்து மணிக்குத் தேநீர் வைக்கலாம். மாலையில் நாலு மணி பொருத்தமானது. தறியிலும் வயலிலும் கை ஓயும் நேரங்களும் ஏறக்குறைய இவையே. சிறு குழந்தைகளுக்குத் தேநீரே வேண்டாம். அவர்கள் பங்குப் பாலைப் பாலாகவே கொடுத்துவிடுங்கள். சங்கத்துக்கு ஊற்றுமுன் வீட்டுக்கென்று ஓர் ஆழாக்கு எடுத்துவைக்காமல் இது நடவாது. அந்த ஆழாக்கின் விலையை மட்டும் கணக்குப் பார்க்கும் குடும்பத்தலைவர்கள், தாம் கடையில் மாதம் முழுவதும் கொடுக்கும் தொகையையும் பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்கவேண்டும். 250 கிராம் தூள் நூறு டம்ளருக்குக் குறையாமல் வரும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

வடிகட்டிய சக்கையைச் செடிக்குப் போடுவது நல்ல வழக்கம். பாலும் இனிப்பும் ஒட்டியிருப்பதால் எறும்பு மொய்க்கும். ஒருமுறை தண்ணீரில் அலசிப் பிழிந்து, கறிவேப்பிலைச் செடியின் அடியில் மண்ணோடு கிளறிவிடுங்கள்.