ஓட்டம் ஓய்ந்த பிறகு – 7: மருந்துக்கு முன்னால் தீவனமும் குளம்பும்

பந்தயத்தில் ஓடி முடித்த குதிரையை வாங்கப் பெரிய பணம் தேவைப்படாது. சில நேரம் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். வைத்துக் காப்பாற்றத்தான் பணம் வேண்டும். கிண்டியிலும் ஊட்டியிலும் கழிக்கப்பட்ட குதிரைகள் சவாரிக்காரர்களிடமும் ரைடிங் பள்ளிகளிடமும் ஆசைப்பட்டு வாங்குபவர்களிடமும் போய்ச் சேரும் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அப்படி ஒரு குதிரையை மாதச் சம்பளத்துக்குள் நோயில்லாமல் வைத்திருக்க முடியுமா? முடியும். ஆனால் பணத்தை எதில் முதலில் போடுகிறோம் என்பதில் பிடிவாதம் வேண்டும்.

பந்தய இனமான தரோபிரெட் குதிரையை 2 வயதிலேயே ஓடவிடுகிறார்கள். அதன் முதுகெலும்பு முற்ற 5 வயதுக்கு மேலாகும். ஆறேழு வயதில் கழித்துவிட்டாலும் நன்றாகக் கவனித்தால் 25 வயதுவரை வாழும். கைக்கு வரும்போதே அது இரண்டு நோய்களோடு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: வயிற்றில் அல்சர், முன்னங்கால் தசைநாரில் பழைய காயம்.

அல்சருக்குக் காரணம் பந்தய லாயத்தின் சாப்பாட்டு முறை. குதிரையின் இரைப்பையில் இரவும் பகலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீர் மெல்லும்போதுதான் ஊறும். நாளெல்லாம் புல் மேயப் பிறந்த பிராணிக்கு ஓட்ஸும் அடர்தீவனமும் இரண்டு மூன்று வேளையாகக் கொடுத்துவிட்டு, மீதி நேரம் வெறும் வயிற்றோடு நிறுத்தினால் புண் வராமல் என்ன செய்யும்? குதிரைக்கான அல்சர் மருந்து விலை அதிகம். மனிதர்களுக்கான ஒமெப்ரசோலைப் பொடித்துக் கொடுப்பவர்களைப் பார்க்கிறேன். பொடித்த மருந்தை இரைப்பை அமிலமே அழித்துவிடும், காசு வீண். மருந்தை மருத்துவர் சொன்னபடி கொடுங்கள். உங்கள் பங்குக்கு, ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் அதன் முன்னால் புல் இல்லாத நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு புல்? உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு, உலர் கணக்கில். எடை தெரியாதா? தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுங்கள். அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வரும். சுற்றளவு 180, நீளம் 165 என்றால் 450 கிலோ. அதற்கு ஒரு நாளைக்கு 9 கிலோ உலர்புல் வேண்டும். பச்சைப்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அதனால் பச்சையாகவே போட்டால் 45 கிலோ ஆகும். இந்தக் கணக்கு தெரியாமல்தான் பல கொட்டகைகளில் விலா எலும்பு தெரியும் குதிரைக்கு டானிக் வாங்குகிறார்கள்.

நம் ஊரில் மலிவாகக் கிடைப்பது கோ-4 புல்லும் தவிடும். மாட்டுக்கு நல்ல தீவனம் இது. குதிரைக்கு இதை மட்டுமே நம்பினால் ஆபத்து. கோ-4 நேப்பியர் இனப் புல். அதிலுள்ள ஆக்சலேட், சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் கட்டிப்போடும். ஊட்டிப் பக்கம் பரவிக் கிடக்கும் கிக்யூ புல்லும் அதே வகைதான். தவிட்டிலோ பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்பு மிகக் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தின் தேவைக்கு உடம்பு எலும்பையே கரைத்துச் சுண்ணாம்பு எடுக்கும். முதலில் இன்ன கால் என்று சொல்ல முடியாதபடி நொண்டும், பிறகு முக எலும்பு வீங்கும், பல் ஆடும். வெறும் கால்வலி என்று நினைத்து ஊசி போட்டுக்கொண்டே இருப்பார்கள். இதற்கு மாற்று விலை உயர்ந்ததல்ல. தவிட்டைக் குறையுங்கள், பல வகைப் புல்லைக் கலந்து போடுங்கள், தினமும் குதிரை மசால் என்ற தீவனப்பயிரைக் கொஞ்சம் சேருங்கள். அதில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. இரைப்பை அமிலத்தையும் தணிக்கும். கோழித் தீவனத்தில் சேர்க்கும் கால்சைட் மாவும் உதவும். அளவை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடற்கரை ஊர்களில் இன்னொரு தொல்லை, மணல். தரையில் தீவனம் போட்டால் அதோடு மணலும் குடலுக்குப் போகும். நாலைந்து சாணி உருண்டைகளைத் தண்ணீரில் கரைத்து வைத்துப் பாருங்கள். அடியில் மணல் படிந்தால், தொட்டியில் தீவனம் வைக்கத் தொடங்க வேண்டும்.

குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளரும். லாடம் அடிப்பவர் 5 அல்லது 6 வாரத்துக்கு ஒருமுறை வந்தே ஆக வேண்டும். பணம் போதவில்லை என்று அவரை மூன்று மாதம் தள்ளிப்போட்டால், குளம்பின் முன்பக்கம் நீண்டு, பாரமெல்லாம் காலின் பின்பக்கத் தசைநாரில் இறங்கும். ஏற்கெனவே அடிபட்ட இடமே அதுதான். சவாரி குறைவு, தரை மென்மை என்றால் லாடத்தைக் கழற்றிவிட்டுச் செதுக்க மட்டும் செய்யலாமா என்று அவரிடமே கேளுங்கள், செலவு குறையும். மழைக்காலத்தில் லாயத் தரை காய்ந்திருக்கட்டும். தினமும் குளம்பைத் தூக்கி அழுக்கை நோண்டி எடுப்பதற்குக் காசே வேண்டாம்.

தசைநார் காயத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கும் பணம் வீண்போகாது. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. அதற்குப் பிறகு தேவை ஓய்வும், கையில் பிடித்து நடத்தும் பொறுமையும்தான். மாதக்கணக்கில் ஆகும். வலி ஊசி போட்டு அன்றைக்கே சவாரிக்கு விடுவது கொடுமை. வலி மருந்தான ஃபெனைல்பியூட்டசோன் வலியை மறைக்கும், அளவு மீறினால் அல்சரையும் கூட்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்களும் உண்டு. டெட்டனஸ் குதிரையை எளிதில் தாக்கும், தடுப்பூசி விலையோ சொற்பம். வயிற்றுவலிக்குக் காத்திருக்கவே கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தரையைப் பிராண்டினால், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், சாணி போடாமல் புரண்டால், பாதி ராத்திரியானாலும் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அதற்கான தொகை தனியே இருக்க வேண்டும். குணமாகாத வலி என்று மருத்துவர் சொன்னால், அவர் கையாலேயே அமைதியாக முடித்துவைப்பது அதற்குச் செய்யும் கடமை. பட்டினி கிடக்கட்டும் என்று தெருவில் விட்டுவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒரு தாளில் மாதத் தீவனம், லாடக் கூலி, ஒரு அவசர சிகிச்சைக்கான தொகை மூன்றையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கைக்கு அடங்கினால் வாங்குங்கள். அடங்காவிட்டால், ஏற்கெனவே ஒரு குதிரையை வைத்துத் திணறுகிறவரைத் தேடிப்போய், அதன் மாதப் புல் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

(தொடரும்)